இன்னும் ஒருத்தர் வரணும்

ஆற்றின் இரண்டு கரைகளிலும் அந்தப் படகோட்டியைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் இல்லை. மணிக்கூண்டு என்றால்தான் தெரியும். மனிதர் அவ்வளவு கறார். சுக்கான் அறைக்கு வெளியே தொங்கும் வெண்கல மணியை அவர் அடித்தால் அடித்ததுதான். ஓசை அடங்குவதற்குள் ஏறு பலகை மேலே எழும்பிவிடும், படகு கரையை விட்டு நகர்ந்துவிடும். ஓடி வருகிறவர் கை தட்டினாலும் சரி, கும்பிட்டாலும் சரி, அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். துறைக் கடைக்காரர் தன் சுவர்க் கடிகாரம் நின்றுபோனபோது பேட்டரி மாற்றவே இல்லை. "அதான் மணிக்கூண்டு இருக்காரே" என்று விட்டுவிட்டார்.

இந்தக் கறாரால் அதிகம் அடிபட்டவள் அவர் மனைவிதான். அக்கரையில் பெரிய விடுதி ஒன்றின் சலவைக் கூடத்தில் அவளுக்கு வேலை. தினமும் போக வரப் புருஷன் ஓட்டும் படகுதான். ஊரில் பாதிப் பேர் அவளைப் பார்த்து, "உனக்கென்னம்மா, சொந்தப் படகு" என்பார்கள். சொந்தப் படகின் லட்சணம் அவளுக்குத்தான் தெரியும். மகளின் பள்ளியில் பரிசளிப்பு நடந்த அன்று நல்ல மழை. ஒரு கையில் குடையும் ஒரு கையில் மகளுமாக அவள் சரிவில் ஓடி வந்தாள். அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே பலகையைத் தூக்கினார். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் அம்மாவும் மகளும் தொலைபேசியிலேயே ஒரு பாட்டம் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, காது கேட்காதவர் மாதிரி நகம் வெட்டிக்கொண்டிருப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் அந்தக் கோடையில் மாறிப்போனார்.

படகின் அடித்தகடு அரித்துப்போயிருந்ததால் அதை அக்கரையில் மரத்தடியில் இழுத்துப் போட்டுச் சில வாரம் பழுது பார்த்தார்கள். அதுவரை மாற்றுப் படகு ஓடியது. வேலை முடிந்து பழைய படகு மறுபடி தண்ணீரில் இறங்கிய பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. முதலில், மென்மையான பழந்துணி இருந்தால் கொடு என்று கேட்டார். கொடுத்தாள். அந்தத் துணி மணியின் நாக்கில் சுற்றிக் கிடப்பதை மறுநாள் படகில் பார்த்தாள். ஊரையே எழுப்பும் அந்த மணி இப்போது தொண்டை கட்டியவன் மாதிரி "தொம் தொம்" என்றது. அடுத்து, சாப்பிடும்போது தானாகச் சிரித்தார். பிறகு ஒருநாள் சீட்டியடித்தார். இத்தனை வருடத்தில் இந்த மனிதருக்குச் சீட்டியடிக்க வரும் என்பதே அவளுக்குத் தெரியாது.

சலவைக் கூடத்தின் மொட்டை மாடியில்தான் விரிப்புகளை உலர்த்துவார்கள். அங்கிருந்து பார்த்தால் துறை முழுவதும் தெரியும். அவளோடு சேர்ந்து விரிப்பு மடிக்கிறவள் கஞ்சி அக்கா. துணிகளுக்குக் கஞ்சி போடுவது அவள் பொறுப்பு. பேச்சும் அதே மொடமொடப்பு. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரே உதறலில் விரிப்பைத் தட்டையாக்கி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். பேச்சு மட்டும் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"உங்க வீட்டுக்காரர் படகு இன்னும் கிளம்பல, பாத்தியா?"

"இன்ஜின் கோளாறா இருக்கும்க்கா."

"இன்ஜின் ஓடுது. புகை வருது பாரு. மனுஷன்தான் பலகையில நின்னுக்கிட்டு கரைப்பக்கம் அண்ணாந்து பாக்குறாரு. நேத்தும் இதே மாதிரிதான். முந்தாநாளும் பாத்தேன். சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"சொல்ல வேணாம்னு இருந்தா சொல்லாம இருக்கணும்."

"உன் நல்லதுக்குச் சொன்னேன்டி."

 அவள் கீழே வந்து உருளை இஸ்திரியில் விரிப்பைக் கொடுத்தபோது ஓரம் கோணிக்கொண்டு போனது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள்கூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

அந்தப் படகில் இன்ஜினைப் பார்த்துக்கொள்வது அவளுடைய சொந்தத் தம்பிதான். நாற்பது வயதாகியும் கல்யாணம் வேண்டாம் என்று அக்கா வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆள். எத்தனை சோப்புப் போட்டாலும் கையின் கருப்பு போகாததால் கிரீஸ் என்று பெயர். சாயங்காலம் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உங்க மாமா யாருக்காகடா படகை நிறுத்துறாரு?"

கிரீஸ் கூரையைப் பார்த்தான். "அக்கா, என்னைக் கேக்காத. மாமா சத்தியம் வாங்கிட்டாரு."

"சத்தியம் வாங்குற அளவுக்கு என்னடா விஷயம்?"

"வெளிய தெரிஞ்சா ஆபீஸ்ல இருந்து வந்து கலைச்சு விட்டுடுவாங்கன்னு பயப்படுறாரு. பாவம்க்கா அது. குழந்தைங்க வேற…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

 குழந்தைகள் வேறா! தம்பிக்குத் தட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள். உள்ளே அவர் சீட்டியடிப்பது கேட்டது.

மறுநாள் மத்தியானமே தலைவலி என்று சொல்லிவிட்டுச் சலவைக் கூடத்திலிருந்து கிளம்பினாள். துண்டை எடுத்து நெற்றிவரை இழுத்துக் கட்டிக்கொண்டு, சைக்கிள்களோடும் பால் கேன்களோடும் படகில் ஏறி, காய்கறி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்தாள். எதிர் பெஞ்சில் தினமும் வரும் விலங்கியல் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவர் இவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுக்க, இவள் உதட்டில் விரலை வைத்தாள்.

மணி தொம் தொம் என்றது. படகு கிளம்பவில்லை. மணிக்கூண்டு பலகையில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, எடுக்கலையா?" என்றார் பால்காரர்.

"கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஒருத்தர் வரணும்."

 அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். மகள் பிறந்த புதிதில், பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று வீட்டுக்குள் பேசிய குரல். சரிவில் சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தாள். இளவயசு, களையான முகம். இவள் மூட்டையின் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். குடைக்காரி ஏறினாள், சீட்டு வாங்கினாள், கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தாள். மணிக்கூண்டு அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. இன்னமும் அண்ணாந்து சரிவோரத்து மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மரத்திலிருந்து ஒரு குருவி இறங்கியது. வாயில் பச்சைப் புழு. அவர் தலைக்கு மேலாகப் பறந்து வந்து, படகில் பலகையை ஒட்டி நட்டிருந்த பருத்த இரும்புக் குழாயின் திறந்த வாயில் உட்கார்ந்து, உள்ளே புகுந்தது. குழாய்க்குள் கீச்சுக் கீச்சென்று ஒரே அமளி. கொஞ்ச நேரத்தில் வெறும் வாயோடு வெளியே வந்து மரத்துக்குத் திரும்பியது.

"வந்தாச்சு" என்றார் மணிக்கூண்டு. "கிரீஸ், எடுடா."

அவள் துண்டை அவிழ்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் வேண்டாம் என்று கோபத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கிரீஸ் அவளைப் பார்த்ததும் இன்ஜின் அறைக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

"குருவிக்கா?" என்றாள் சுக்கான் அறை வாசலில் நின்று. "ஒரு சிட்டுக்குருவிக்காகவா இத்தனை நாளா நிக்குறீங்க?"

அவர் திடுக்கிட்டாலும் சுக்கானை விடவில்லை. "சிட்டுக்குருவி இல்ல. டீச்சரைக் கேளு."

டீச்சர் சங்கடத்தோடு விடைத்தாள்களை மூடினார். "அதே குடும்பம்தாங்க, ஆனா பேரினம் வேற. இது மஞ்சள் தொண்டைச் சிட்டு. ஆணுக்குத் தொண்டையில மஞ்சளா ஒரு பொட்டு இருக்கும், தோள்ல செம்பழுப்பு. இந்தப் பேரினத்துல மொத்தமே நாலு வகைதான்."

"பேரினம்னா என்ன டீச்சர்?" என்று இன்ஜின் அறைக்குள்ளிருந்து கிரீஸின் குரல் வந்தது.

"பெரிய குடும்பத்துல இருந்து தனிக்குடித்தனம் போன ஒரு கிளைன்னு வச்சுக்குங்களேன்."

"ஆக, பங்காளிங்க" என்றாள் அவள். "நல்லது. குருவியோட சொந்தபந்தம் எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கீங்க. கட்டினவ மழையில நனைஞ்சுக்கிட்டு ஓடி வந்தப்போ மட்டும் பலகை தானாத் தூக்கிக்கிச்சு."

பால்காரர் ஆற்றைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். காதை மட்டும் இந்தப் பக்கமே வைத்திருந்தார்.

 நடு ஆற்றைத் தாண்டிய பிறகுதான் மணிக்கூண்டு மெல்லச் சொன்னார். "நீ அடுத்த படகுல வந்துடுவே. வந்து திட்டுவே. அதுங்களுக்கு அடுத்த படகு கிடையாது. திட்டவும் தெரியாது."

"ஓ! திட்டத் தெரிஞ்சது என் தப்பா?"

"தப்புன்னு சொல்லல." அவர் சுக்கானை லேசாகத் திருப்பினார். "மரத்தடியில படகு கிடந்தப்போ கூடு வச்சிருக்கு. தண்ணில இறக்கின அன்னைக்குத்தான் பாத்தேன். பிடுங்கிப் போடலாம்னுதான் குழாய்க்குள்ள விரலை விட்டேன். முட்டை சூடா இருந்துச்சு. நம்ம பொண்ணு பிறந்தன்னைக்கு நர்ஸ் கையில குடுத்தாங்க பாரு, அந்தச் சூடு. அப்புறம் எப்படிப் பிடுங்குறது?" அவள் பக்கம் திரும்பி, "உன்னை விட்டுட்டுப் போன அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல. உனக்காக நின்னா நாளைக்கு எல்லாருக்காகவும் நிக்கணுமேன்னு நினைச்சேன். பெருமையா நினைச்சேன். அது முட்டாள்தனம்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. எழுந்து பலகைப் பக்கம் போனாள். அந்தக் குழாயைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"என்னங்க இது, வெயில்ல இஸ்திரிப் பெட்டி மாதிரி சுடுது! பிள்ளைங்களை வேக வைக்கப் பாக்குறீங்களா?"

அவர் முகம் வெளுத்துப்போனது. அதை அவர் யோசிக்கவே இல்லை. கிழிசல் என்று விடுதியில் கழித்துப் போட்ட விரிப்பு ஒன்று அவள் பைக்குள் இருந்தது. ஆற்றில் நனைத்துப் பிழிந்து, குழாயின் வாயை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சுற்றிக் கட்டினாள். உள்ளே கீச்சொலி கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. தலைவலி லீவு அதோடு நல்லபடியாக முடிந்தது.

அதற்குப் பிறகு காலையில் துணியை நனைத்துக் கட்டுவது அவள் வேலையாயிற்று. பகலில் அது காயாமல் பார்த்துக்கொள்வது கிரீஸின் பொறுப்பு. ஆண் குருவி சில நேரம் படகோடு சேர்ந்தே ஆற்றைக் கடக்கும். கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து, சீட்டு வாங்காத பயணி மாதிரி அங்குமிங்கும் பார்க்கும். அதற்கு மஞ்சப்பொட்டு என்று பேர் வைத்தவர் பால்காரர். பயணிகளும் பழகிவிட்டார்கள். மணி அடித்த பிறகும் படகு நின்றால், "அம்மா இன்னும் வரல போல" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கஞ்சி அக்காதான் லேசில் விடவில்லை. "நான் என்னென்னவோ நினைச்சேன். கடைசில ஒரு குருவியா? ச்சே" என்று நிஜமாகவே அலுத்துக்கொண்டாள்.

குஞ்சுகள் வெளியேறிய அன்று காலை, படகில் அவளும் கஞ்சி அக்காவும் இருந்தார்கள். தைப்பதற்காக வீட்டுக்கு எடுத்துப்போன விரிப்புக் கட்டு அவள் மடியில் இருந்தது. படகு நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தபோது, மணல் ஏற்றிய பெரிய படகு ஒன்று பக்கத்தில் வந்து நீளமாக ஹாரன் அடித்தது. குழாயின் வாயில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முதல் குஞ்சு பதறிப் பறந்து சுக்கான் அறையின் கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அதன் பின்னாலேயே போனது. மூன்றாவது மட்டும் தண்ணீர்ப் பக்கம் பறந்தது. கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு சிறகு தடுமாறி, தாழ்ந்து, பொத்தென்று ஆற்றில் விழுந்தது.

"ஐயோ, விழுந்துடுச்சு!" என்று பத்துக் குரல்கள். மஞ்சப்பொட்டு அலறிக்கொண்டு தண்ணீருக்கு மேலே வட்டமிட்டது.

இன்ஜின் ஓசை நின்றது. மணிக்கூண்டு நடு ஆற்றில் படகை நிறுத்திவிட்டார். படகு நீரோட்டத்தோடு மெல்ல இழுபட ஆரம்பித்தது. நனைந்த குஞ்சு சிறகை விரித்தபடி பக்கவாட்டில் மிதந்து வந்தது. கிரீஸ் வாளியைக் கயிற்றில் கட்டி வீசினான். அது எழுப்பிய அலையில் குஞ்சு இன்னும் தள்ளிப் போனது.

"வாளி வேணாம்டா!" என்று கத்தினாள் அவள். மடியிலிருந்த கட்டைப் பிரித்து ஒரு விரிப்பை உருவினாள். "அக்கா, பிடி!"

கஞ்சி அக்காவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்தார்கள், ஒரே உதறலில் விரித்தார்கள், கம்பிக்கு வெளியே குனிந்து விரிப்பின் நடுவைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார்கள். இடுப்பைப் பிடித்துக்கொள்ள டீச்சரும் பால்காரரும் ஓடி வந்தார்கள். நீரோட்டமே குஞ்சைக் கொண்டுவந்து விரிப்புக்குள் விட்டது. "இப்போ!" என்றாள் கஞ்சி அக்கா. தூக்கினார்கள். தண்ணீர் வடிந்தது. நடுவில் ஒரு பிடி ஈரப் பஞ்சு மாதிரி அது கிடந்தது.

அவள் அதைக் காய்ந்த துணியில் ஒற்றி எடுத்து, இன்ஜின் மூடியின் கதகதப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குட்டி நெஞ்சு படபடவென்று அடித்தது. படகு அக்கரையைத் தொடும்போது குஞ்சு கண்ணைத் திறந்து, அவள் கட்டைவிரலை ஒரு கொத்துக் கொத்தியது.

"கொழுப்பைப் பாரு" என்றாள் கஞ்சி அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

துறையில் படகு ஆபீஸ் அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நடு ஆற்றில் படகு நின்றதைக் கரையிலிருந்து பார்த்துப் பயந்துபோயிருந்தார். "என்ன ஆச்சு? இன்ஜினா?"

"ஆமா சார், ஃபில்டர் அடைச்சு…" என்று கிரீஸ் ஆரம்பித்தான்.

"இல்லைங்க" என்றார் மணிக்கூண்டு. "இன்ஜின் நல்லா இருக்கு. நான்தான் நிறுத்தினேன். குருவிக்குஞ்சு தண்ணில விழுந்துடுச்சு."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களா? இத்தனை பேரை வச்சுக்கிட்டு, மணல் படகு போற வழியிலயா?"

"தப்புதாங்க."

"வேற யாராவது செஞ்சிருந்தா நான் நம்பியிருப்பேன்." அவர் நெற்றியைத் தேய்த்தார். டீச்சர் முன்னால் வந்தார், பால்காரர் வந்தார், ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதிகாரி சொன்னார்: "எனக்கும் மனசு இருக்குங்க. ஆனா நான் சும்மா விட்டா நாளைக்கு வேறொருத்தர் வேற எதுக்காவது நிறுத்துவாரு. ஒரு வாரம் சுக்கானைத் தொடாதீங்க."

"பயணியா ஏறலாமா?" என்று கேட்டாள் அவள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமா."

குஞ்சைத் தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றார்கள். தாய்க்குருவி இரண்டு கிளை மேலே உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. ஆட்கள் இன்னும் கொஞ்சம் விலகியதும் இறங்கி வந்து அதன் வாயில் எதையோ திணித்தது. கூரையிலிருந்த மற்ற இரண்டும் ஏற்கெனவே மரத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

அந்த வாரம் முழுவதும் மணிக்கூண்டு மனைவியோடு பயணியாக அக்கரைக்கு வந்தார். வீட்டில் உட்காரப் பிடிக்கவில்லை என்றார். அவள் விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருக்க, அவர் மரத்தடியில் கழுத்து வலிக்க அண்ணாந்து நடந்துகொண்டிருப்பதை மாடியிலிருந்து பார்க்க முடிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் இறங்கி வருவாள். கல்யாணமான புதிதில்கூட இரண்டு பேரும் இப்படிப் பகலில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டதில்லை. அவர் பாதி நேரம் சாப்பாட்டைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதோ, அந்த மூணாவது கிளை. நம்ம குஞ்சு" என்றார் ஒருநாள்.

அவள் பார்த்தாள். கிளை முழுக்கக் குருவிகள். இளசுகளுக்கு இன்னும் மஞ்சள் பொட்டு வரவில்லை, எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. அதுதான்னு எப்படித் தெரியும்?"

"நல்லாப் பாரு. நீ வந்ததும் எப்படிக் கத்துது."

"என்னைப் பாத்தா கத்துது?"

"உன்னை மாதிரி கத்துதுன்னு சொன்னேன்."

அவள் சாப்பாட்டுக் கையாலேயே அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். சட்டையில் அப்படியே ஐந்து விரலும் பதிந்தது. அவர் குனிந்து பார்த்து, "யார் துவைக்கிறது இதை?" என்றார். "நீங்கதான், ஒரு வாரம் சும்மாதானே இருக்கீங்க" என்றாள் அவள். மேலே அந்தக் குருவி, அவர்கள் குஞ்சோ வேறொன்றோ, விடாமல் கத்திக்கொண்டிருந்தது.